செடியிலிருந்து வந்தால் எல்லாம் பசுமைதானா? சிதம்பரத்து வைக்கோலும் செல்லுலோஸ் ரகசியமும்!

இந்தக் கட்டுரையை நீங்கள் போனில்தானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அந்தத் திரைக்குள் தலைமுடியைவிட மெல்லிய படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். திரையின் ஒளியை ஒழுங்குபடுத்தும் அடுக்குக்கு அதுதான் காவல். பல போன்களில் அந்தப் படலம் செய்யப்படுவது எதிலிருந்து தெரியுமா? மரக்கூழிலிருந்தும் பஞ்சிலிருந்தும்!

போன் மட்டுமல்ல. அம்மா உடுத்தும் ரேயான் நைட்டி, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், காய்ச்சலுக்குப் போடும் மாத்திரையைக் கட்டியாக வைத்திருக்கும் வெள்ளைப் பொடி என எல்லாவற்றிலும் இதே பொருள் இருக்க வாய்ப்பு உண்டு. ஐஸ்க்ரீம் கவரைத் திருப்பிப் பார்த்தால் சில பிராண்டுகளில் '466' என்று ஓர் எண் இருக்கும். அதுவும் இதன் உறவுக்காரர்தான். பெயர், செல்லுலோஸ்.

பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று இன்று உலகமே தேடிக்கொண்டிருக்கும் பொருள்களில் செல்லுலோஸுக்கு முக்கிய இடம் உண்டு. இதன் மூலப்பொருளுக்கு சிதம்பரத்தைச் சுற்றிப் பஞ்சமே இல்லை. தை பிறந்தால் காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணத்துத் தண்ணீரில் விளைந்த சம்பாவின் வைக்கோல் குவியும். நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் ஆலைகள் ஓடினால் கரும்புச் சக்கை மலையாகக் கிடக்கும்.

அப்படியென்றால் வைக்கோலைப் போட்டு, பையை எடுத்துவிடலாமா? நடுவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கலைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர்களில் முதல் வரிசையில் இருப்பது நம் கடலூர் மாவட்டம்தான்.

தில்லை மரம் சொல்லும் பாடம்

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அந்தப் பெயரைத் தந்த தில்லை மரங்களை இன்றும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் பார்க்கலாம். படகில் போகும்போது அந்தக் கிளையை ஒடிக்காதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எச்சரிப்பார்கள். காரணம், அதிலிருந்து வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். தோலில் பட்டால் கொப்புளம் வரும்.

தில்லை நூற்றுக்கு நூறு இயற்கைதான். ஆனாலும் அதன் பால் விஷம். 'செடியிலிருந்து செய்தது' என்று அச்சிட்ட எந்தப் பொருளைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்க முடியாத வைக்கோல் பிரி

பாலிமர் என்றால் மிரள வேண்டாம். சின்னச் சின்னக் கண்ணிகளைக் கோத்த நீளமான சங்கிலி, அவ்வளவுதான். பாலித்தீனின் கண்ணி பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. செல்லுலோஸின் கண்ணி குளுக்கோஸ். செடி, வெயிலையும் தண்ணீரையும் காற்றையும் வைத்து சர்க்கரை செய்து, அதை ஆயிரக்கணக்கில் கோத்துத் தன் உடம்பைக் கட்டுகிறது. 1838-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

சர்க்கரையால் ஆனது என்றால் தண்ணீரில் கரைய வேண்டுமே, பிறகு ஏன் மழையில் மரம் கரைவதில்லை? வைக்கோல் பிரி திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை வைக்கோலை ஒரு குழந்தைகூட அறுத்துவிடும். முறுக்கித் திரித்த பிரி ஒரு போரையே கட்டி நிறுத்தும். செல்லுலோஸ் சங்கிலிகளும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே புகுந்து அவற்றைப் பிரிக்க முடியாது.

போதாததற்கு லிக்னின் என்ற பசை வேறு சுற்றி நிற்கும். பஞ்சில் 90 சதவிகிதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான். கரும்புச் சக்கையில் ஈரம் போக 40 சதவிகிதத்தைச் சற்றுத் தாண்டும். மிச்சத்தில் பெரும்பகுதி லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும். நெல் வைக்கோலில் கூடுதல் தொல்லையாக சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், நிறைய உண்டு. கூழ் ஆலையின் குழாய்களிலும் கொதிகலன்களிலும் அது படிந்துவிடும்.

ஒரு டன் கரும்பை ஆட்டினால் சுமார் 280 கிலோ சக்கை கிடைக்கும். அதில் பாதி ஈரம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிலோ செல்லுலோஸ் அதற்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, கரைத்து, மறுபடி நூலாகவோ படலமாகவோ ஆக்க வேண்டும். எதில் கரைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிறுமுகையும் மாவூரும்

1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டை சல்பைடு என்ற திரவத்தைச் சேர்த்தால் தேன் போன்ற குழம்பு கிடைக்கும். அதை ஊசித்துளைகள் வழியாக கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் பளபளப்பான நூல் வரும். இதுதான் விஸ்கோஸ், நாம் ரேயான் என்று சொல்வது. துளைக்குப் பதிலாக மெல்லிய பிளவு வழியாகத் தள்ளினால் செலோபேன் தாள்.

சேலைக்கு அது வரப்பிரசாதம். தொழிலாளிக்கும் ஆற்றுக்கும் அப்படி இல்லை. ஒரு கிலோ செல்லுலோஸுக்கு ஏறத்தாழ 300 கிராம் கார்பன் டை சல்பைடு தேவை. அது எளிதில் தீப்பிடிக்கும். பல வருடங்கள் சுவாசித்தால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். நூல் உருவாகும் இடத்தில் அதோடு சேர்ந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பும். பிடித்து வைக்காவிட்டால் இரண்டும் காற்றில். அமிலமும் துத்தநாக உப்பும் கழிவுநீரில்.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்தில் மென்பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊர் சிறுமுகை. அங்கே பவானிக் கரையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை பல வருடங்கள் ஓடியது. நீலகிரியின் தைல மரங்கள் உள்ளே போயின. வெளியே வந்த கழிவு பவானியில் கலந்தது. கீழே பவானிசாகர் அணை. அந்தத் தண்ணீரை நம்பிக் குடிநீரும் பாசனமும். மீன்கள் செத்து மிதந்ததும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் ஆலை நின்றுபோனது. ஆறு மூச்சுவிட்டது. ஆனால், ஆலையை நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பு அணைந்தது.

கேரளத்தில் கோழிக்கோடு அருகே மாவூரிலும் இதே கதை. அங்கே மூங்கிலிலிருந்து ரேயான் கூழ் தயாரித்த கிராசிம் ஆலையால் சாலியாறு நாசமாகிறது என்று நீண்ட போராட்டம் நடந்தது. முன்னின்று நடத்திய வாழக்காடு கே.ஏ.ரஹ்மான் 1999-ல் புற்றுநோயால் இறந்தார். 2001-ல் ஆலை மூடப்பட்டது.

இரண்டு ஆலைகளும் பயன்படுத்தியது பெட்ரோலியத்தை அல்ல, மரத்தையும் மூங்கிலையும்தான். மூலப்பொருள் பச்சையாக இருந்தது. செய்முறை அப்படி இல்லை.

விஸ்கோஸ் தொழில் இன்றும் அப்படியே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல ஆலைகள் வாயுக்களின் பெரும்பகுதியைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஆனால், அதற்குச் செலவு செய்தார்களா, கருவிகள் ஓடுகின்றனவா என்பதை ஒவ்வோர் ஆலையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

12-க்கு ஒரு மார்க்

பசுமை வேதியியல் என்ற துறை வந்தது இங்கேதான். 1998-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 12 விதிகளை எழுதினார்கள். கழிவு வந்த பிறகு சுத்தம் செய்வதைவிட வராமலே தடு என்பது முதல் விதி. ஆபத்தில்லாத கரைப்பானைப் பயன்படுத்து, மின்சாரத்தையும் வெப்பத்தையும் மிச்சப்படுத்து, பயன் முடிந்ததும் மக்கும்படி வடிவமை, விபத்துக்கு இடம் தராதே என்று பட்டியல் நீளும்.

'மறுபடி விளையும் மூலப்பொருளைப் பயன்படுத்து' என்பதும் அதில் உண்டு. ஏழாவது விதி. அதாவது, செடியிலிருந்து செய்தோம் என்று சொல்லும் கம்பெனிக்கு அதற்காகக் கிடைப்பது 12-க்கு ஒரு மார்க். மீதி 11 மார்க்குக்கு அவர்கள் பதில் எழுதியாக வேண்டும்.

அதற்கும் முன்பே, 1992-ல், ரோஜர் ஷெல்டன் என்ற விஞ்ஞானி எளிய அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். ஒரு கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு? பெட்ரோல் சுத்திகரிப்பில் அது 100 கிராமுக்கும் குறைவு. மருந்து தயாரிப்பில் 25 கிலோவிலிருந்து 100 கிலோவையும் தாண்டும் என்று அவர் காட்டியபோது துறையே திரும்பிப் பார்த்தது. பொருள் எவ்வளவு நல்லது என்பதோடு, அது பிறக்கும்போது என்ன விட்டுச்சென்றது என்பதையும் கேட்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

யூரியா, கோழித் தீவனம், தயிர்ப் புளிப்பு

சரி, செல்லுலோஸை ஆபத்தில்லாமல் கரைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. ஒன்றல்ல, நான்கு பாதைகள்.

முதல் பாதை ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது. துணிக்கடையில் 'டென்செல்', 'லயோசெல்' என்ற லேபிள்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் கார்பன் டை சல்பைடு கிடையாது. என்.எம்.எம்.ஓ. என்ற கரைப்பான் செல்லுலோஸை நேரடியாகக் கரைத்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டால் நூல் தனியாக வரும். தண்ணீரை ஆவியாக்கிக் கரைப்பானை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஆலைகளில் 99 சதவிகிதத்துக்கு மேல் திரும்பிவிடுகிறது.

அந்த 99 ஏன் முக்கியம்? ஒரு கிலோ செல்லுலோஸைக் கரைக்க சுமார் 6 கிலோ கரைப்பான் வேண்டும். 99 சதவிகிதம் திரும்பினால் இழப்பு 60 கிராம். 90 சதவிகிதம்தான் திரும்பியது என்றால் 600 கிராம். தினமும் 10 டன் செய்யும் ஆலையில் முதல் கணக்குக்கு 600 கிலோ வெளியேறும், இரண்டாவது கணக்குக்கு 6 டன். காகிதத்தில் 9 சதவிகித வித்தியாசம், ஆற்றில் பத்து மடங்கு வித்தியாசம்! தவிர, இந்தக் கரைப்பான் அதிகம் சூடானால் கட்டுமீறிச் சிதையக்கூடியது. தண்ணீரை ஆவியாக்க எரிபொருளும் நிறைய வேண்டும்.

இரண்டாவது பாதை, திரவ உப்புகள். சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி வெப்பம் வேண்டும். 100 டிகிரிக்குக் கீழேயே திரவமாக இருக்கும் உப்புகளும் உண்டு. 2002-ல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ரோஜர்ஸ் குழு, இவற்றில் செல்லுலோஸ் கரைகிறது என்று காட்டியது. ஆவியாகிக் காற்றில் கலக்காது என்பது இதன் பலம். விலை அதிகம், சில வகைகள் நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு என்பவை பலவீனம்.

மூன்றாவது, சீனாவின் வூகான் பல்கலைக்கழகத்தில் லீனா ஜாங் என்ற பெண் விஞ்ஞானி காட்டிய வழி. தண்ணீரில் 7 சதவிகிதம் காஸ்டிக் சோடா, 12 சதவிகிதம் யூரியா. நம் வயலுக்குப் போடும் அதே யூரியாதான். இதை மைனஸ் 12 டிகிரிக்குக் குளிர வைத்து செல்லுலோஸைப் போட்டால் சில நிமிடங்களில் கரைகிறது. சூடு காட்டினால் கரையாத பொருள், குளிர் காட்டினால் கரைகிறது! சங்கிலி மிக நீளமாக இருந்தால் மட்டும் இந்த வித்தை சரியாகப் பலிப்பதில்லை.

நான்காவது பாதை நமக்கு ரொம்பப் பக்கம். கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு 302 டிகிரியில்தான் உருகும். யூரியா 133 டிகிரியில். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் 12 டிகிரியிலேயே திரவமாகிவிடும். இங்கிலாந்தின் லெஸ்டரில் ஆண்ட்ரூ அபாட் குழு 2003-ல் இதை வெளியிட்டது. யூரியாவுக்குப் பதில் லாக்டிக் அமிலத்தை, அதாவது தயிரின் புளிப்பைச் சேர்த்தால், அந்தக் கலவை வைக்கோலிலிருந்தும் சக்கையிலிருந்தும் லிக்னின் பசையைப் பிரித்தெடுக்கும். செல்லுலோஸைக் கரைப்பதில் இது கெட்டிக்காரர் இல்லை. பசையை நீக்கிக் கூழ் எடுக்கும் முதல் கட்ட வேலைக்குத்தான் உதவும்.

இந்த நான்கில் லயோசெல்தான் பெரிய ஆலைகளில் பழகி நிலைத்தது. மற்ற மூன்றும் ஆய்வகத்திலிருந்தும் மாதிரி ஆலைகளிலிருந்தும் சந்தையை நோக்கி நடந்துகொண்டிருப்பவை.

சக்கை ஏற்கெனவே சும்மா கிடக்கிறதா?

'வேஸ்ட்டாகத்தானே போகிறது' என்று நாம் நினைக்கும் பொருளுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்துத்தான் நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சக்கையிலிருந்தே காகிதம் செய்து காட்டியது. அதற்காக ஆலைகளிடம் சக்கையை வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு வேறு எரிபொருளுக்கோ நீராவிக்கோ வழி செய்து கொடுத்தது. சக்கையை எடுத்தால் அதன் இடத்தில் எதை எரிப்பது என்ற கேள்வி கூடவே வரும். நிலக்கரி என்றால், பசுமைக் கணக்கில் அதையும் கழிக்க வேண்டும்.

வைக்கோலும் அப்படித்தான். சிதம்பரம் பகுதியில் மாடு வைத்திருப்பவருக்கு அது தீவனம். காளான் வளர்க்கும் பெண்களுக்கு அது முதலீடு. பெரிய ஆலை ஒன்று மொத்தமாக வாங்க ஆரம்பித்தால் விவசாயிக்கு நாலு காசு வரலாம். கூடவே பால்காரரின் தீவனச் செலவும் ஏறலாம்.

கரைக்கத் தேவையே இல்லாத இடங்களும் இருக்கின்றன. 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள், மஞ்சப்பை என்பது என்ன? எந்தக் கரைப்பானிலும் போடாத சுத்தமான செல்லுலோஸ். வாழை இலையும் தையல் இலையும் அப்படியே. எண்ணெய் ஊறாமலிருக்க மேலே ரசாயனப் பூச்சு எதுவும் பூசவில்லை என்றால் சக்கையை அழுத்திச் செய்யும் தட்டும் இந்த வரிசையில் சேரும். மாத்திரை, போன் திரை, காயத்துக்குக் கட்டும் துணி, உணவைக் காக்கும் மெல்லிய படலம் போன்ற வேறு வழியில்லாத இடங்களுக்குத்தான் இந்தப் புது வேதியியல் உண்மையில் தேவை.

கடலூருக்கு ஏன் இது முக்கியம்?

கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், காரைக்காடு மக்களுக்கு ரசாயன நாற்றம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 வாக்கில் அந்தக் கிராமத்துக்காரர்கள் சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்து, காற்றைப் பிடித்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். மூக்கையே கருவியாக்கி அதிகாரிகளிடம் பேசிய ஊர்கள் அவை.

இன்னொரு பக்கம், 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. வேதியியல், வேளாண்மை, பொறியியல் ஆகிய மூன்றும் அங்கே உண்டு. பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையம். வைக்கோலைப் புரிந்தவர், கரைப்பானைப் புரிந்தவர், அது கடலில் விழுந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று பார்க்கத் தெரிந்தவர் எல்லோரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருப்பது சாதாரண வாய்ப்பு இல்லை.

வேலைவாய்ப்பு வேண்டும் என்ற ஆசை இந்த மாவட்டத்து இளைஞர்களுக்கு நியாயமானது. இனி ஒரு சிறுமுகை வேண்டாம் என்பதும் அதே அளவு நியாயம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரே வழி, ஆலை வருவதற்கு முன்பே கேட்பது. பசுமை என்ற பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

1. எதில் கரைக்கிறீர்கள்? கரைப்பானின் பெயர் என்ன, காற்றில் கலந்தாலோ கிணற்றில் கலந்தாலோ என்ன ஆகும்?

2. அதில் எவ்வளவு திரும்பி வரும்? 99 சதவிகிதமா, 90 சதவிகிதமா? அதை அளந்து யார் வெளியிடுவார்கள்?

3. ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு, எத்தனை லிட்டர் தண்ணீர்? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது?

4. வைக்கோலும் சக்கையும் இப்போது யாருக்குப் பயன்படுகின்றன? அவர்களுக்கு மாற்று என்ன, கொதிகலனில் எதை எரிப்பீர்கள்?

5. எங்கே, எத்தனை நாளில் மக்கும்? உரக்குழியிலா, குப்பைமேட்டிலா, கடலிலா?

ஐந்தாவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செல்லுலோஸ் என்று பெயரில் இருந்தாலே மக்கிவிடும் என்று அர்த்தமில்லை. சிகரெட் ஃபில்டரும் செல்லுலோஸ் அசிடேட்தான். சங்கிலியில் வேறு ரசாயனத்தை நெருக்கமாகக் கோத்துவிட்டதால், நுண்ணுயிரிகளால் அதை எளிதில் கடிக்க முடிவதில்லை. அதனால்தான் கடற்கரை மணலில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட அது அப்படியே கிடக்கிறது.

கடைக்குப் போகும்போது...

* பூங்கொத்தைச் சுற்றித் தரும் பளபள தாளை 'செலோபேன்' என்று சொல்வார்கள். இன்று அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். தெரியாமல் உரக்குழியில் போட்டுவிடாதீர்கள்.

* 'மக்கும் பை' என்று விற்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பச்சை இலைப் படம் சான்றிதழ் ஆகாது.

* ரேயான் துணி வாங்கக் கூடாது என்பதில்லை. அதிக நாள் உடுத்துங்கள். விஸ்கோஸா, லயோசெல்லா என்று லேபிளைப் படியுங்கள். நாம் கேட்க ஆரம்பித்தால்தான் கடைக்காரரும், அவருக்குத் துணி தருபவரும் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

* கையில் ஏற்கெனவே மஞ்சப்பை இருந்தால், அன்றைக்கு வேறு எந்தப் பையும் வேண்டாம்.